நாற்பத்தெட்டு வரிகள்

காக்கநாடு,
11 ஜூன் 2023, ஞாயிறு

அன்புள்ள இச்சாயனுக்கு,

ஜான்ஸி எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸ் என்று பயந்துவிட வேண்டாம். போனில் கூப்பிட்டால் ரெண்டாவது நிமிடம் சண்டையாகிவிடுகிறது. ஆபீஸ் மெயிலில் அனுப்பினால் நீங்கள் படிப்பதற்கு முன் ஷிபு படித்துவிட்டு, வரைகிற படத்தை அப்படியே போட்டுவிட்டுச் சாயாக்கடையில் போய்க் கதை சொல்வான். அதனால்தான் காகிதமும் தபாலும்.

நான் நலம். கட்டின புருஷனை விட்டுத் தனியாக இருக்க வந்து ஒன்றரை வருடம் ஆயிற்று, பழகிவிட்டது. மழை நன்றாகவே பெய்கிறது. மீன்தான் இங்கே ஐஸில் கிடந்து கிடந்து ரப்பர் மாதிரி இருக்கிறது. கர்டர் எப்படி இருக்கிறது? நாய்க்குப் பாலத்து உத்திரத்தின் பெயரை வைத்த ஒரே வீடு கோட்டயம் ஜில்லாவில் நம்முடையதாகத்தான் இருக்கும். இடிச் சத்தத்துக்கு இன்னும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிறதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிலாக்கடவுப் பாலத்தில் ஒரு தப்பு இருக்கிறது. என் தப்பு.

புதுக் கம்பெனியில் வேறு சாப்ட்வேர். பாரங்களின் காம்பினேஷன்களை முதலிலிருந்து நானே ஒவ்வொரு வரியாகப் போட வேண்டியிருந்தது. அப்போதுதான் கை அப்படியே நின்றுவிட்டது. இனி எழுதுவது உங்களுக்குத் தெரியாதது இல்லை. எனக்கே நான் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லிப் பார்த்தால்தான் நம்ப முடிந்தது, அதனால் அப்படியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பாலத்தின் சொந்த எடையை 1.35-ஆல் பெருக்கு. மேலே போகிற வண்டிகளை 1.5-ஆல் பெருக்கு. ரெண்டையும் கூட்டி, அப்படியும் தாங்குகிறதா என்று பார். கெடுதல் செய்கிற பாரத்தைக் கூட்டிக் காட்டுவதுதான் வழக்கம். ஆனால் உதவி செய்கிற பாரத்தைக் குறைத்துத்தானே காட்ட வேண்டும்? பெருநாள் பந்திக்கு நீளப் பலகையை நாலு முக்காலி மேல் போடுவோமே, நடுவில் தடியான ஆள் உட்கார்ந்தால் ஓரத்து முனை முக்காலியை விட்டு எழும்பும். அந்த முனையைக் கீழே பிடித்து வைத்திருப்பது பலகையின் சொந்த எடைதான். அந்த இடத்தில் சொந்த எடைக்கு 0.95 போட வேண்டும். அங்கேயும் 1.35 போட்டால் இல்லாத எடையை இருப்பதாகச் சொல்லி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம்.

நம் ஆபீஸின் எல்லாப் பாலத்துக்கும் மூலமாக வைத்திருந்த என் ஃபைலைக் கிளம்பும்போது பென்டிரைவில் எடுத்து வந்திருந்தேன். திறந்து எண்ணினேன். நாற்பத்தெட்டு வரி. ஒவ்வொன்றிலும் சொந்த எடைக்கு 1.35. குறைத்துப் போட்ட வரி ஒன்றுகூட இல்லை. 2015-இல் போட்டேன் என்றுதான் எங்கோ ஒரு ஞாபகம். ஆனால் ஃபைலில் இல்லாததை ஞாபகத்தில் வைத்து என்ன செய்வது?

மற்ற பாலங்களுக்கு இதனால் ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். வெள்ளிலாக்கடவுதான். முதலில், தூணுக்குத் தூண் அளக்கிற கண்களில், ரெண்டு ஓரக் கண்ணும் இருபத்தாறு மீட்டர், நடுக்கண் நாற்பத்திரண்டு. பங்குத் தந்தை கல்லறைத் தோட்டத்தில் ஒரு சாண் இடம்கூடத் தரமாட்டேன் என்றதும் மேற்குக் கண்ணைப் பத்தொன்பதாகச் சுருக்கினோம். அந்தக் குட்டைக் கண்ணின் முனைதான் எழும்பும். என் அட்டவணையில் அது தெரியவே தெரியாது.

ஓணத்துக்கு முன் திறப்பு விழா என்று பேப்பரில் பார்த்தேன். அதற்குள் பொதுப்பணித் துறை எக்ஸிக்யூட்டிவ் எஞ்சினியருக்கு எழுதுங்கள். சரி செய்யக்கூடியதுதான். என் தப்பு என்றே எழுதுங்கள், எனக்கு வருத்தமில்லை.

அன்புடன்,
ஜான்ஸி

•

கோட்டயம்,
17 ஜூன் 2023

ஜான்ஸிக்கு,

உன் கடிதம் வந்தது. கர்டர் உறையை மோந்து பார்த்துவிட்டு அரை மணி நேரம் கேட்டில் போய் நின்றது. வாலை ஆட்டி ஆட்டிக் களைத்துத் திரும்பி வந்தது. இடிச் சத்தத்துக்கு இப்போது கட்டிலுக்கு அடியில் போவதில்லை, என் ஆபீஸ் அறையில் ஓர் அட்டைப்பெட்டி போட்டுக் கொடுத்திருக்கிறேன், அதில் சுருண்டுகொள்கிறது.

நீ போனபின் கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும் நானே வைக்கிறேன். ஷிபு சாப்பிட்டுவிட்டு, "சாரே, இதுக்கு ஏதாவது ஃபேக்டர் போட்டுப் பெருக்கினாத்தான் ருசி வரும்" என்றான். அவனைத் துரத்தி அடித்தேன்.

நீ சொன்னதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று நினைக்காதே. மேற்கு முனையில் சொந்த எடை கீழே அழுத்துவது முப்பது டன். நடுக்கண்ணில் லாரிகள் நின்றால் மேலே தூக்குவது இருபத்தொன்றரை டன். எட்டரை டன் மிச்சம். பாலம் எழும்பாது ஜான்ஸி. பேப்பரில்தான் எழும்புகிறது. நீ எப்போதும் பேப்பரைப் பார்த்தே பயப்படுகிறவள். சரிபார்த்த கம்பெனியும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. உத்திரம் ஏற்றித் தளமும் போட்டாயிற்று, இப்போது கைப்பிடிக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். மந்திரி தேதி கொடுத்துவிட்டார்.

இதை இப்போது கிளறினால் முதலில் வெளியே வருவது உன் பேர்தான். ஃபைலின் முதல் பக்கத்தில் யார் பேர் இருக்கிறது? புது வேலையில் சேர்ந்து ஒன்றரை வருடம்கூட முழுதாக ஆகவில்லை. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். விட்டுவிடு.

மாமரம் காற்றில் சாய்ந்து கிணற்று மதிலைத் தட்டிவிட்டது. ஆள் சொல்லியிருக்கிறேன். உன் ஸ்வெட்டர் ஒன்று இங்கே கிடக்கிறது, அனுப்பட்டுமா?

சாக்கோ

•

காக்கநாடு,
25 ஜூன் 2023

அன்புள்ள இச்சாயனுக்கு,

ஸ்வெட்டர் அங்கேயே கிடக்கட்டும். கொச்சியில் யார் ஸ்வெட்டர் போடுகிறார்கள்?

உங்கள் எட்டரை டன்னை நானும் போட்டுப் பார்த்தேன், சரிதான். ஆனால் நாம் ஏன் 1.5-ஆல் பெருக்குகிறோம்? சும்மா பேப்பருக்காகவா? நேற்று லீவு போட்டுவிட்டு வெள்ளிலாக்கடவுக்குப் போனேன். உங்களிடம் சொல்லாமல் போனதற்கு மன்னிக்கவும். சொன்னால் வருவீர்கள், வந்தால் அங்கேயும் சண்டைதான்.

பழைய தாழ்வுப் பாலத்து முக்கில் இருக்கிற சாயாக்கடையில் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து எண்ணினேன். மேலே குவாரியிலிருந்து இறங்கின டிப்பர்கள் நாற்பத்தொன்று. கட்டஞ்சாயா குடிக்க இறங்கின டிரைவர் ஒருவனிடம் கேட்டேன். பேர் அனீஷ்.

"மோனே, எத்தனை டன் ஏத்துவீங்க?"

"பாஸ்ல என்ன எழுதியிருக்கோ அது, சேச்சி."

"நான் ஆர்.டி.ஓ. இல்லடா. உள்ளதைச் சொல்லு."

அவன் என் குடையையும் பையையும் மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தான். "பாஸைப் பார்த்தா கல்லு ஏத்துறோம்? பக்கப் பலகை விரியாத வரைக்கும் ஏத்துவோம். பாஸ்ல இருக்கறதும் அதுல பாதியும் இருக்கும். புதுப் பாலம் திறந்துட்டா இந்த நாலு கிலோமீட்டர் சுத்தும் மிச்சம். எல்லா வண்டியும் அதுலதான்."

பாஸில் இருப்பதும் அதில் பாதியும். அதாவது ஒன்றரை. நம் புத்தகத்தில் இருக்கிற எண் அந்தச் சாயாக்கடையில் கல் ஏற்றிக்கொண்டு நிற்கிறது, இச்சாயா. உங்கள் இருபத்தொன்றரையை ஒன்றரையால் பெருக்குங்கள். முப்பத்திரண்டு டன்னுக்கு மேல். சொந்த எடையோ முப்பது, அதிலும் கான்கிரீட் கொஞ்சம் மெலிந்திருந்தால் இருபத்தெட்டரைதான். முனை எழும்பும். எழும்பி விழும்போதெல்லாம் முனைக்கு அடியில் தூண் மேல் இருக்கிற பேரிங் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். ஒரு நாள் நழுவிவிடும். கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பள்ளிக்கூடத்து மஞ்சள் பஸ்ஸும் அந்த வழிதான். அதையும் பார்த்தேன்.

என் அட்டவணைப்படி அதே முப்பது டன்னை 1.35-ஆல் பெருக்கி நாற்பதரை என்று காட்டியிருக்கிறேன். அதனால் எட்டு டன் மிச்சம் என்று பச்சை நிறத்தில் வந்தது. நாம் ரெண்டு பேரும் அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு அன்று பரோட்டா வாங்கிச் சாப்பிட்டோம்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு கடிதம் எழுத எனக்கு வராது. கூராம்பாறைச் சிறு பாலத்தில் மட்டம் தப்பியபோது மட்டக் கருவியைத் தப்பாகப் படித்தது நீங்கள். கான்ட்ராக்டர் அத்தனை பேர் முன்னால், "மேடம் பார்த்துப் பண்ணியிருக்கலாம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னபோது நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு சாயா குடித்தீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வீட்டை விட்டு வந்தது அதற்காகத்தான், வேறு எதற்கும் இல்லை. இப்போது அதைச் சொல்லிக் காட்டுவதற்காக எழுதவில்லை. இந்தத் தடவை தப்பு நிஜமாகவே என்னுடையது. அதனால் உங்களுக்குச் சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஜூலை பத்து, திங்கட்கிழமை வரை பார்ப்பேன். அன்று நீங்கள் எழுதியிருக்காவிட்டால் நானே துறைக்கு எழுதிவிடுவேன். மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தேதியைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஜான்ஸி

•

கோட்டயம்,
1 ஜூலை 2023

ஜான்ஸி,

உன் இஷ்டம்.

துறையின் பட்டியலிலிருந்து ஆபீஸ் பேரை எடுத்துவிட்டால் ஷிபுவுக்கும் மற்ற ரெண்டு பேருக்கும் நீதான் வேலை தேடிக் கொடுக்க வேண்டும். பதினேழு வருடம் கட்டினதை ஒரு கடிதத்தில் இடிக்கிறாய். இடி.

அட்டவணை நீ போட்டது. நான் உன்னை நம்பிக் கையெழுத்துப் போட்டேன். நான் செய்த தப்பு அதுதான்.

இங்கே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயற்சி செய்யாதே.

சாக்கோ

•

காக்கநாடு,
5 ஜூலை 2023

இச்சாயனுக்கு,

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நன்றாகவே அடித்திருக்கிறீர்கள், ஒன்றும் தெரியவில்லை.

"உன்னை நம்பிக் கையெழுத்துப் போட்டேன்." அதைப் படித்துவிட்டு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதில் பொய் எதுவும் இல்லை என்பதால்தான். நம்பினவரை ஏமாற்றிவிட்டேன். வேண்டும் என்று செய்யவில்லை, ஆனாலும் செய்துவிட்டேன். இருபது வருடமாக நான் என்னைப் பற்றிப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு விஷயம், ஜான்ஸி கை வைத்தால் எண் தப்பாது என்பது. அது போயிற்று. அழுதேன், எழுதுவதில் என்ன வெட்கம்? அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

மேற்கு முனையில், கரைத்தூணுக்கு நேர் மேலே, உத்திரங்களுக்கு நடுவில் இருக்கிற வெற்றிடத்தில் எட்டு கனமீட்டர் கான்கிரீட் நிரப்பினால் இருபது டன் எதிர் எடை வரும். அதையும் 0.95-ஆல் குறைத்துத்தான் போட்டேன். அப்படியும் பதினைந்து டன்னுக்கு மேல் மிச்சம் நிற்கிறது. பேரிங்கும் தூணும் தாங்கும், ரெண்டு தடவை பார்த்துவிட்டேன். ஜாக்கி வைத்து முனையை ஒரு விரல் தூக்கி, பேரிங்கை ஒருமுறை நேராக உட்கார வைத்துவிட்டால் வேலை முடிந்தது. ஓணத்துக்குத் திறக்க முடியாது, ஓணம் கழித்துத் திறக்கலாம். பாலத்துக்கு ஓணம் தெரியாது.

இங்கே என் மேலதிகாரியிடமும் சொல்லிவிட்டேன். பழைய வேலையில் ஒரு தப்பு, துறைக்கு எழுதப் போகிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதை ஏன்மா நீங்களா போய்ச் சொல்றீங்க?" என்று கேட்டார். "நானா போய்ச் சொல்லாட்டி பாலம் போய்ச் சொல்லும், சார்" என்றேன். வேலையில் வைத்துக்கொள்வார்களா என்று தெரியவில்லை. வைத்துக்கொள்ளாவிட்டால் டியூஷன் எடுக்கிறேன்.

துறைக்கு எழுதிய கடிதத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். தப்பு முழுக்க என்னுடையது, உங்களுக்குத் தெரிய வழியில்லை என்று எழுதியிருக்கிறேன். ஆபீஸுக்கு ஒன்றும் வராமல் இருக்க என்னால் முடிந்தது அதுதான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ரிஜிஸ்டர் தபாலில் போடுவேன்.

மழை விடட்டும் என்று காத்திராமல் கிணற்று மதிலைக் கட்டுங்கள். கர்டர் விழுந்துவிடப் போகிறது.

ஜான்ஸி

•

கோட்டயம்,
8 ஜூலை 2023, சனி

ஜான்ஸி,

இதை ஷிபு கையில் கொடுத்து முதல் பஸ்ஸில் அனுப்புகிறேன். நாளைக்கே உன் கைக்கு வந்துவிடும். நீ ரிஜிஸ்டர் தபால் போட வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கடைசிவரை படி.

நீ 2015-இல் போட்டது நாற்பத்தெட்டு வரி இல்லை. தொண்ணூற்றாறு. உன் ஞாபகம் சரிதான். கூட்டிப் போட்டது நாற்பத்தெட்டு, உதவுகிற எடையைக் குறைத்துப் போட்டது நாற்பத்தெட்டு.

அடுத்த வருடம் உன் அக்காவோடு நீ மூன்று வாரம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் இருந்தாயே, அப்போது துறையிலிருந்து நம் ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பினார்கள். தொள்ளாயிரம் பக்கம் யார் படிப்பது, சுருக்கிக் கொண்டுவா என்றார்கள். நம் பழைய கம்ப்யூட்டரும் காலையில் ஓட விட்டால் மதியம் தாண்டித்தான் முடிக்கும். எந்தப் பாலத்திலும் அந்தப் பின் பாதி வரிகள் முடிவைத் தீர்மானித்ததே இல்லை, எப்போதும் சின்ன எண்தான் வரும். பெரிய எண்ணை வைத்துக்கொண்டால் போதும் என்று நானே உட்கார்ந்து நாற்பத்தெட்டையும் அழித்தேன். நீ வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். சொல்லவில்லை. அப்புறம் மறந்தே போய்விட்டேன். கல்லறைத் தோட்டத்துக்காகக் கண்ணைச் சுருக்கினபோதுகூட ஞாபகம் வரவில்லை.

உன் முதல் கடிதத்தைப் படித்த அன்றே ஞாபகம் வந்துவிட்டது. அதைத்தான் எழுதி எழுதி அடித்தேன். நீயாகவே என் தப்பு, என் தப்பு என்று எழுதியிருந்தாய். எனக்கு ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை, சும்மா இருந்தால் போதும். கூராம்பாறையில் இருந்தது போல. சும்மா இருப்பது எனக்கு நன்றாக வருகிறது, அதில் நான் கெட்டிக்காரன்.

புதன்கிழமை இடி இடித்தது. கர்டர் பெட்டிக்குள் போய்த் தாளைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. பெட்டியில் மெத்தைக்காக நான் விரித்தது என்ன தெரியுமா? உன் பழைய தொள்ளாயிரம் பக்கம். கிழிந்து வெளியே வந்த தாளை எடுத்தால், எழுபத்தொன்றாவது வரி. சொந்த எடை, 0.95. பக்கத்தில் உன் பென்சில் டிக். வியாழக்கிழமை உன் நகல் வந்தது. "உங்களுக்குத் தெரிய வழியில்லை" என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்துவிட்டு என்னால் அந்த அறையில் உட்கார முடியவில்லை.

நேற்று எக்ஸிக்யூட்டிவ் எஞ்சினியர் பத்மஜா மேடத்தைப் போய்ப் பார்த்தேன்.

"மேடம், திறப்பு விழாவை நிறுத்தணும்."

"சாக்கோ சாரே, பந்தல்காரனுக்குச் சொல்லியாச்சு. எதுக்கு நிறுத்தணும்? பாலம் விழுந்துருமா?"

"விழாது மேடம். முனை எழும்பும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யார் பண்ண தப்பு?"

"நான் பண்ணினது."

"ஜான்ஸி மேடம் இருந்தப்போ இப்படி ஒண்ணும் வந்ததில்லையே?"

"அவ போட்டு வச்சதை நான் அழிச்சேன் மேடம். அவளுக்குத் தெரியாது. அவதான் இப்பக் கண்டுபிடிச்சதும்."

ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். அப்புறம், "இதையெல்லாம் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வார்த்தையைச் சுத்தி வளைக்காதீங்க" என்றார். அங்கேயே எழுதிக் கொடுத்தேன். உன் எட்டு கனமீட்டர் கணக்கையும் கொடுத்தேன், உன் பேரோடு.

உன் கை தப்பவில்லை ஜான்ஸி. அதைச் சொல்லத்தான் ஷிபுவை எழுப்பி அனுப்புகிறேன். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன், ஓரத்தைக் கர்டர் கடித்திருக்கிறது.

சாக்கோச்சன்

•

காக்கநாடு,
10 ஜூலை 2023, திங்கள்

இச்சாயா,

ரிஜிஸ்டர் தபாலைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஷிபுவுக்குப் புட்டும் கடலையும் கொடுத்து அனுப்பினேன். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, "சேச்சி, சாரு மூணு நாளா ஆபீஸ்ல யார்கிட்டயும் பேசல" என்றான். "இனிமே பேசுவார்" என்றேன்.

இப்போது நான் திட்டப் போகிறேன். ஒரு மாதம்! ஒரு மாதம் முழுக்க நான் என்னை நானே அரித்துத் தின்றேன். உங்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே "உன்னை நம்பிக் கையெழுத்துப் போட்டேன்" என்று எழுதக் கை எப்படி வந்தது? அந்தக் கடிதத்தை நான் எரிக்கப் போவதில்லை. வைத்திருப்பேன். உங்களை நான் மன்னித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எழுபத்தொன்றாவது வரியைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தையும் எழுதிவிடுகிறேன். எழுந்து நின்று பக்கத்து வீட்டு டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் நன்றாக இருக்கிறது என்றார்.

நீங்கள் போய்ச் சொன்னதும் இருக்கிறது. அதை இல்லை என்று சொல்லமாட்டேன்.

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். ஜாக்கி வைத்து முனையைத் தூக்கும்போது, இறக்குவதற்கு முன், இதைப் பேரிங்குக்கும் உத்திரத்துக்கும் நடுவில் பாதி உள்ளே பாதி வெளியே இருக்கும்படி வைத்துவிடுங்கள். பார டெஸ்டில் டிப்பர்களை நடுக்கண்ணில் நிறுத்தும்போது இழுத்துப் பாருங்கள். தாள் வந்துவிட்டால் முனை எழும்புகிறது என்று அர்த்தம். மீட்டரெல்லாம் அவர்கள் வைப்பார்கள். எனக்குத் தாள் போதும்.

நீங்களே இழுக்க வேண்டும். ஷிபுவை விடாதீர்கள்.

ஜான்ஸி

•

கோட்டயம்,
3 செப்டம்பர் 2023

ஜான்ஸிக்கு,

நேற்று பார டெஸ்ட் நடந்தது.

எதிர் எடை போட்டு முப்பது நாள் தாண்டிவிட்டது. ஓணத்துக்குத் திறக்காததால் கடவு ஆட்கள் என் மேல் கடுப்பில் இருந்தார்கள். சாயாக்கடைக்காரர் எனக்குச் சர்க்கரை போடாமல் சாயா கொடுத்தார், அதையும் குடித்தேன். நிமிர்ந்து உட்கார்ந்துதான் குடித்தேன், உனக்காகச் சொல்கிறேன்.

நாலு டிப்பர் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முதல் வண்டி உன் அனீஷுடையது. "சாரே, இன்னிக்குப் பாஸ்படி ஏத்தணுமா, வழக்கம்போல ஏத்தணுமா?" என்று கேட்டான். "வழக்கம்போல" என்றேன். பத்மஜா மேடம் காதில் விழாத மாதிரி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாலும் நடுக்கண்ணில் மூக்கோடு மூக்கு வைத்து நின்றதும் நான் கரைத்தூணுக்கு இறங்கினேன். நல்ல சகதி. முழங்கால் போட்டு உட்கார்ந்து தாளின் முனையைப் பிடித்தேன். மேலேயிருந்து ஷிபு, "சாரே, வருதா?" என்று கத்தினான். மெல்ல இழுத்தேன். வரவில்லை. பலமாக இழுத்தேன். கிழிந்துவிட்டது.

கிழிந்த பாதியை இதோடு வைத்திருக்கிறேன். மீதிப் பாதி பாலத்துக்கு அடியில் நசுங்கிக் கிடக்கிறது, இனி யாரும் அதை எடுக்க முடியாது.

துறை என்னை ஒரு வருடத்துக்குப் பட்டியலிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறது. சரிதான். சின்ன வேலைகள் இருக்கின்றன, மூன்று பேரையும் நிறுத்தவில்லை. அந்த நாற்பத்தெட்டு வரிகளையும் கர்டர் பெட்டியிலிருந்த பழைய தாள்களைப் பார்த்துத் திரும்பக் கையால் போட்டு வைத்திருக்கிறேன். ஃபைலின் முதல் பக்கத்தில் உன் பேர் அப்படியே இருக்கிறது. கீழே, அழித்தது யார், எந்த வருடம் என்றும் எழுதியிருக்கிறேன்.

கிணற்று மதிலைக் கட்டியாயிற்று.

வா என்று எழுத எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரியவில்லை. அதனால் எழுதவில்லை.

உன்,
சாக்கோச்சன்

•

காக்கநாடு,
6 செப்டம்பர் 2023

அன்புள்ள இச்சாயனுக்கு,

பாதித் தாள் வந்தது. உங்கள் விரல் சேறு அப்படியே இருக்கிறது. அடுக்களை ஜன்னலில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இங்கே என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. இனி எல்லாருடைய காம்பினேஷன்களையும் ஒருமுறை நான் பார்த்த பிறகுதான் வெளியே போக வேண்டும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அதனால் எல்லாருக்கும் என் மேல் கோபம். நன்றாகத்தான் இருக்கிறது.

ஆபீஸுக்குத் திரும்பி வரமாட்டேன். இந்த வேலையை விடமாட்டேன். இந்த வீட்டின் சாவியும் என்னிடம்தான் இருக்கும். இதையெல்லாம் முடிவு செய்துவிட்டேன், பேசி மாற்றப் பார்க்காதீர்கள்.

இன்னொரு கணக்கும் போட்டேன். இத்தனை வருடமாக உங்களை நான் 1.35-ஆல் பெருக்கி வைத்திருந்தேன், இச்சாயா. இல்லாததையும் இருக்கிறதாக நினைத்தேன், அதனால்தான் ஒவ்வொரு தடவையும் என் பக்கத்து முனை எழும்பியது. நேற்று ராத்திரி உங்கள் கடிதங்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த ஜூலை ஒன்றாம் தேதிக் கடிதத்தையும் சேர்த்து, 0.95 போட்டுப் பார்த்தேன். சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் போட்டேன். நிற்கிறது.

வரும் ஞாயிறு பத்து மணி பஸ்ஸில் வெள்ளிலாக்கடவில் இறங்குவேன். கிழக்குக் கரையிலிருந்து பாலத்தில் நடந்தே வருவேன். கல்லறைத் தோட்டத்துப் பக்கம் கர்டரோடு நில்லுங்கள்.

ஜான்ஸி